பழைய காரின் கணினிக் காபரேற்றர்: மாற்றுவதா, வைத்திருப்பதா?

"தம்பி, இந்தச் சனியனைக் கழட்டி எறிஞ்சுபோட்டுச் சாதாரண காபரேற்றர் ஒண்டைப் போடுவம். ஒரு நாள் வேலை. பிறகு நீரும் நிம்மதி, நானும் நிம்மதி."

2022 ஆம் ஆண்டின் பிற்பகுதியில் கொழும்பில் நான் வழமையாகக் காரைத் திருத்தக் கொடுக்கும் கராஜில் மூத்த மெக்கானிக் ஒருவர் என்னிடம் கூறிய வார்த்தைகள் இவை. எழுபது வயதைக் கடந்த யாழ்ப்பாணத்தவர் அவர். எஞ்சினின் சத்தத்தைக் கேட்டே நோயைச் சொல்லக்கூடியவர். அவர் சொன்னால் நான் மறுத்துப் பேசுவதில்லை. ஆனால் அன்று, "யோசிச்சுச் சொல்லுறன் அண்ணை" என்று கூறிவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அந்த ஆண்டின் நடுப்பகுதியில் இலங்கையில் வாழ்ந்த எவரும் அந்நாட்களை மறக்கமாட்டார்கள். யூன் மாத இறுதியில் 92 ஒக்டேன் பெற்றோலின் விலை லீற்றருக்கு 470 ரூபாவாக உயர்ந்தது. அந்த விலைக்கும் அது கிடைக்கவில்லை. நாட்கணக்கில் வரிசையில் நின்றோம். பின்னர் கியூ.ஆர். முறை வந்தது. ஒரு காருக்கு வாரத்துக்கு 20 லீற்றர் என்று அளந்து கொடுத்தார்கள். எனது கார் நல்ல நிலையில் இருந்தபோது லீற்றருக்குப் பதினொரு கிலோமீற்றர் ஓடியது. அந்தக் கணக்கில் வாரத்துக்கு 220 கிலோமீற்றர் ஓடலாம். ஆனால் அப்போது அது ஏழு கிலோமீற்றருக்கு இறங்கியிருந்தது. அதாவது 140 கிலோமீற்றர். சிக்னல் விளக்கில் நிற்கும்போது எஞ்சின் தானாக ஏறி இறங்கும். அக்சிலேற்றரை மிதித்தால் ஒரு கணம் தயங்கும். பின்னால் எரியாத பெற்றோல் மணக்கும். வேறு கார் வாங்கலாம் என்றால் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி மீண்டும் தொடங்குவதற்கான அறிகுறியே தென்படவில்லை. தனியார் கார்களை இறக்குமதி செய்ய 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் அனுமதி கிடைத்தது. ஆகவே 1991 இல் ஜப்பானில் தயாராகி, 1990களின் நடுப்பகுதியில் ரீகண்டிஷன் வண்டியாக இங்கு வந்திறங்கி, 2005 இல் என் கைக்கு வந்த அந்தக் காரோடுதான் நான் வாழ்ந்தாக வேண்டியிருந்தது.

அதன் எஞ்சினின் மேல் இருந்தது கணினியால் கட்டுப்படுத்தப்படும் காபரேற்றர். தமிழ்நாட்டு வாசகர்கள் இதைக் கார்புரேட்டர் என்பார்கள். அதை மாற்றுவதா, வைத்திருப்பதா என்பதே கேள்வி. கலைப்பட்டம் பெற்று, முப்பது ஆண்டுகளுக்கு மேல் செய்தி எழுதிப் பிழைத்தவன் நான். இயந்திரவியல் எனக்குத் தெரியாது. ஆனால் ஒருவர் சொன்னதை மட்டும் வைத்துச் செய்தி எழுதக்கூடாது என்பது தெரியும். எனவே அந்தக் கருவி ஏன் உருவானது என்று தேடத் தொடங்கினேன். சில மாதத் தேடலில், கராஜில் தொடங்கிய கேள்வி அரை நூற்றாண்டு வரலாறாக விரிந்தது.

மெக்கானிக்குக் கணினிக் காபரேற்றர் மீது இருந்த வெறுப்புக்கு நியாயம் உண்டு. அவர் 1990களின் முதற்பாதியில் யாழ்ப்பாணத்தில் கராஜ் நடத்தியவர். 1990 யூனில் மீண்டும் போர் மூண்டபின் வடக்குக்குப் பெற்றோல் எடுத்துச் செல்வது தடைசெய்யப்பட்டது. மண்ணெண்ணெய் மாத்திரம் கட்டுப்பாடுகளோடும் பெருவிலையோடும் கிடைத்தது. பயிற்சிக் கொப்பித் தாளில் பத்திரிகை அச்சடித்த காலம் அது. நான் அப்போது பல்கலைக்கழக மாணவன். மாலைவேளைகளில் பத்திரிகை அலுவலகத்தில் வேலை. ஒஸ்ரின் ஏ.40, மொறிஸ் மைனர், ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ் என்று எங்கள் பெற்றோர் காலத்து ஆங்கிலக் கார்கள் எல்லாம் மண்ணெண்ணெயில் ஓடின. சிறிய போத்தலில் பொன்போலப் பாதுகாத்த பெற்றோலில் சில துளிகளைக் காபரேற்றரின் வாயில் விட்டு எஞ்சினைக் கிளப்புவார்கள். அது சூடாகியதும் மண்ணெண்ணெயைக் குடித்துக்கொண்டு, வெண்புகை கக்கியபடி புறப்படும். எஞ்சின் தட்டும், பிளக் கறுக்கும், எஞ்சின் ஒயில் நீர்த்துப்போகும். ஆனாலும் கார் ஓடியது. நோயாளிகளும் பிணங்களும் மணமக்களும் அந்தக் கார்களில்தான் போனார்கள்.

அது இயன்றதற்குக் காரணம் அந்தக் காபரேற்றர்களின் எளிமை. ஏ.40 இல் இருந்தது செனித். மொறிஸ் மைனரில் இருந்தது எஸ்.யு. இரண்டையும் ஒரு திருப்புளியும் ஒரு சாவியும் கொண்டு கழற்றிப் பூட்டலாம். என்ன எண்ணெய் வருகிறது என்று அவை கேட்கவில்லை. திருகாணியைத் திருப்பியபடி நடந்துகொண்டன. அந்த நாட்களில் வேலை செய்த ஒரு மெக்கானிக்குக் கம்பிகள் தொங்கும் காபரேற்றரைக் கண்டால் கோபம் வருவது இயல்பே. அப்படியானால், இவ்வளவு எளிமையாக இருந்த ஒரு பொருளில் கணினியைக் கொண்டுபோய்ப் பூட்டியவர்கள் யார்? ஏன் பூட்டினார்கள்?

காபரேற்றரின் வேலை பெற்றோலையும் காற்றையும் கலப்பது. எஞ்சின் காற்றை உறிஞ்சும்போது அக்காற்று ஓர் ஒடுங்கிய கழுத்தினூடாக விரைகிறது. அவ்விடத்தில் அழுத்தம் குறைகிறது. அருகிலுள்ள சிறு கிண்ணத்திலிருந்து பெற்றோல் நுண்துளையினூடாக மேலெழுந்து தூவானமாகிக் காற்றோடு கலக்கிறது. 1893 இல் ஜேர்மனியில் வில்ஹெல்ம் மேபாக்கும், ஹங்கேரியில் டொனாட் பாங்கி, யானோஸ் சொங்கா ஆகிய இருவரும் இத்தகைய தூவற் காபரேற்றர்களை உருவாக்கினார்கள். அடுத்த எண்பது ஆண்டுகள் உலகின் கார்கள் பெரும்பாலும் இந்த வழியிலேயே ஓடின.

ஆனால் அதற்கு ஒரு குறை உண்டு. தான் கலந்து அனுப்பியது சரியாக எரிந்ததா என்று அதற்குத் தெரியாது. கொழும்பில் சரியாகத் திருத்திய காபரேற்றரோடு, கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,900 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவுக்கு ஏறினால் காற்று மெலிந்துவிடும்; பெற்றோல் அந்த அளவுக்குக் குறையாது. கலவை தடித்து, புகை கறுக்கும். காபரேற்றர் அதை அறியாது. பெற்றோலை முழுமையாக எரிக்க ஒரு பங்கு பெற்றோலுக்கு எடையில் 14.7 பங்கு காற்று வேண்டும். எளிய காபரேற்றர் எல்லா நிலையிலும் அந்த விகிதத்தைக் காப்பாற்றுவதில்லை. காப்பாற்ற வேண்டும் என்று நீண்டகாலம் யாரும் கேட்கவுமில்லை.

கேட்கவைத்த நகரம் அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சலிஸ். 1943 யூலையில் அந்நகரை ஒரு புகைமூட்டம் மூடியது. கண் எரிந்தது, தொண்டை கரகரத்தது. போர்க்காலம் ஆகையால் ஜப்பானியர் நச்சுவாயு வீசிவிட்டனர் என்றுகூடச் சிலர் ஐயுற்றனர். உண்மையான காரணத்தைக் கண்டறிந்தவர் கல்ரெக் நிறுவனத்தில் இருந்த ஒல்லாந்து நாட்டவரான ஆரி யான் ஹாகன் ஸ்மித். அன்னாசிப் பழத்தின் மணத்தை ஆராய்ந்துகொண்டிருந்த உயிரிரசாயனவியலாளர் அவர். கார்களிலிருந்தும் எண்ணெய் ஆலைகளிலிருந்தும் வெளியேறும் ஐதரோகாபன்களும் நைதரசன் ஒட்சைட்டுகளும் சூரிய ஒளியில் தாக்கமுற்று ஓசோனை உண்டாக்குகின்றன என்று அவர் காட்டினார். 1952 இல் அவரது ஆய்வு வெளியானது. எண்ணெய்த் தொழில்துறையினர் அதைக் கடுமையாக எதிர்த்தனர். 1967 இல் கலிபோர்னியாவில் காற்று வளச் சபை அமைக்கப்பட்டபோது அதன் முதலாவது தலைவராக வந்தவரும் அவரே.

1970 டிசெம்பர் 31 அன்று அமெரிக்க ஜனாதிபதி ரிச்சர்ட் நிக்சன் தூய காற்றுச் சட்டத்தில் கையெழுத்திட்டார். கார்ப் புகையிலுள்ள முக்கிய மாசுகளைப் பத்தில் ஒன்றாகக் குறைக்கவேண்டும் என்றது அச்சட்டம். இயலாது என்றன கார் நிறுவனங்கள். கெடுக்கள் தள்ளிப்போயின, ஆனால் சட்டம் நின்றது. 1975 மாதிரி ஆண்டிலிருந்து அமெரிக்கக் கார்களில் பெரும்பாலானவற்றின் புகைக்குழாயில் ஒரு புதிய பெட்டி பொருத்தப்பட்டது. பிளாற்றினம் முதலிய அரிய உலோகங்கள் பூசிய தேன்கூடு போன்ற உட்பகுதியைக் கொண்டது அது. கற்றலிற்றிக் கொன்வேர்ட்டர் என்பது அதன் பெயர். இங்கு அதை ஊக்கிப் பெட்டி என்று குறிப்பிடுகிறேன்.

தொடக்கத்தில் வந்த பெட்டிகள் காபனோரொட்சைட்டையும் ஐதரோகாபன்களையும் மாத்திரமே எரித்தன. நைதரசன் ஒட்சைட்டுகளையும் சேர்த்து மூன்றையும் அழிக்கும் பெட்டி பின்னர் வந்தது. அதற்கு ஒரு நிபந்தனை இருந்தது. 14.7 என்ற விகிதத்திலிருந்து கலவை சற்றே விலகினாலும் மூன்றில் ஏதோவொன்று தப்பிவிடும். அவ்வளவு துல்லியம் பழைய காபரேற்றருக்கு இயலாது. எனவே புகைக்குழாயில் ஒட்சிசன் சென்சர் ஒன்றைப் பொருத்தினார்கள். எரிந்து வரும் புகையில் ஒட்சிசன் மிஞ்சியிருக்கிறதா என்று பார்த்து அது மின்சைகை அனுப்பும். பொஷ் நிறுவனத்தின் இந்தச் சென்சரோடு 1977 மாதிரி ஆண்டில் கலிபோர்னியாவில் வொல்வோ கார்கள் விற்பனைக்கு வந்தன. அவை பெற்றோலைப் பீச்சும் இன்ஜெக்ஷன் வகை.

இன்ஜெக்ஷன் அன்று விலை கூடியது. தொழிற்சாலைகளோ மில்லியன் கணக்கில் காபரேற்றர் செய்யும் ஏற்பாட்டோடு இருந்தன. இந்த இரண்டுக்கும் நடுவே பிறந்ததுதான் கணினிக் காபரேற்றர். ஜெனரல் மோட்டர்ஸ் 1981 மாதிரி ஆண்டில் தனது அமெரிக்கக் கார்களில் இதைப் பரவலாக்கியது. காபரேற்றருக்குள் ஒரு சிறிய மின்காந்த வால்வு வினாடிக்குப் பத்துத் தடவை திறந்து மூடும். திறந்திருக்கும் நேரத்தைக் கூட்டியும் குறைத்தும் கணினி கலவையைத் திருத்தும். ஜப்பானும் இதே பாதையில் சென்றது. அங்கு 1978 இல் நைதரசன் ஒட்சைட்டுக்குக் கிலோமீற்றருக்கு 0.25 கிராம் என்ற மிகக் கடுமையான வரம்பு விதிக்கப்பட்டிருந்தது. 1990 இல் வெளியான நிசான் சன்னி பி.13 இல் வந்த 1,497 சீ.சீ. எஞ்சினிலும் மின்னணுக் கட்டுப்பாட்டுக் காபரேற்றரே இருந்தது. 1990களின் நடுப்பகுதிக்குள் இன்ஜெக்ஷன் மலிவாகியது, இக்கருவி மறைந்தது. ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகளே அதன் ஆயுள். அந்தக் குறுகிய காலத்துக் கார்கள்தான் எங்கள் நாட்டுக்கு ஆயிரக்கணக்கில் கப்பலேறி வந்தன.

இனி வருவது எமது கதை. ஊக்கிப் பெட்டிக்குக் கொடிய எதிரி ஈயம். எஞ்சின் தட்டுவதைத் தடுக்கப் பெற்றோலில் ஈயச் சேர்வையைக் கலக்கலாம் என்று 1921 இல் ஜெனரல் மோட்டர்ஸ் ஆய்வுகூடத்தில் தோமஸ் மிட்ஜ்லி கண்டறிந்தார். பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் நஞ்சை உலகின் வீதிகளெங்கும் தூவிய கண்டுபிடிப்பு அது. ஊக்கியின் மேற்பரப்பில் ஈயம் படிந்தால் அது செயலிழக்கும். ஒட்சிசன் சென்சரும் அவ்வாறே. எனவே ஊக்கிப் பெட்டி வந்த நாடுகளில் ஈயமற்ற பெற்றோலும் கூடவே வரவேண்டியிருந்தது. ஜப்பானில் 1975 இலேயே சாதாரண பெற்றோலிலிருந்து ஈயம் நீக்கப்பட்டது. இலங்கையில் அது நீக்கப்பட்டது 2002 யூனில்.

இடைப்பட்ட காலத்தில் இங்கு இறங்கிய ஜப்பானியக் கார்களுக்கு என்ன நேர்ந்திருக்கும் என்பதை வாசகர்கள் ஊகிக்கலாம். ஈயமற்ற பெற்றோலுக்காகச் செய்யப்பட்ட கார்கள் துறைமுகத்தைவிட்டு வெளியே வந்த முதல்நாளே ஈயம் கலந்த பெற்றோலைக் குடித்தன. ஊக்கி செத்தது, சென்சரும் செத்தது. சென்சர் தாழ்ந்த மின்னழுத்தமே தந்தால், கலவையில் பெற்றோல் போதாது என்று கணினி நம்பும். நம்பிப் பெற்றோலைக் கூட்டும். கார் புகைக்கும், பெற்றோல் செலவாகும். பழி காபரேற்றர் மேல் விழும். எங்கள் தொழிலில் இதை நான் நன்கறிவேன். களத்திலுள்ள செய்தியாளர் பிழையான தகவல் அனுப்பினால், அதை நம்பித் தலைப்புப் போட்ட ஆசிரியர்தான் மறுநாள் திட்டு வாங்குவார்.

இந்த இடத்தில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். 2002 யூனில் நான் கொழும்பில் செய்தி ஆசிரியர் பீடத்தில் இருந்தேன். போர்நிறுத்தம் கைச்சாத்தாகி நான்கு மாதங்கள். ஏ9 பாதை திறந்திருந்தது. முதற்பக்கம் முழுவதும் சமாதானம். பெற்றோலிலிருந்து ஈயம் நீக்கப்படுகிறது என்ற அறிவிப்பு என் மேசைக்கு வந்தபோது அதை ஐந்து வரிகளாக வெட்டி உட்பக்கம் ஒன்றில் போட்டேன். அன்றைய முதற்பக்கச் செய்திகளில் நிலைத்து நின்றது எதுவுமில்லை. நிலைத்தது அந்த ஐந்து வரிதான். இந்நாட்டில் அதன்பின் பிறந்த பிள்ளைகள் பெற்றோல் ஈயத்தைச் சுவாசிக்காமல் வளர்ந்தார்கள். உலகில் கடைசியாக அல்ஜீரியா 2021 யூலையில் ஈயப் பெற்றோலைக் கைவிட்டது.

இவ்வளவும் அறிந்தபின், மின்சார வேலை தெரிந்த இன்னொரு மெக்கானிக்கிடம் காரைக் கொண்டுபோனேன். இளைஞர். அவர் காபரேற்றரை முதலில் தொடவேயில்லை. மூன்று இடங்களைப் பார்த்தார். உறிஞ்சு குழாய்களில் ஒன்று வெடித்துக் காற்றை உள்ளே விட்டுக்கொண்டிருந்தது. எஞ்சின் சூட்டைக் கணினிக்குச் சொல்லும் சென்சரின் இணைப்பில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. அதனால் கொதிக்கும் எஞ்சினையும் குளிர்ந்த எஞ்சின் என்று நினைத்துக் கணினி பெற்றோலை ஊற்றிக்கொண்டிருந்தது. ஒட்சிசன் சென்சரில் சைகையே இல்லை. மூன்று கோளாறும் காபரேற்றருக்கு வெளியே.

பிறகு காரை உயர்த்தி ஊக்கிப் பெட்டியைக் கழற்றினார். கையால் தட்டினார். தகர டப்பாபோல் ஒலித்தது. உள்ளே எதுவும் இல்லை. "சேர், அந்தக் காலத்தில அடைச்சுப்போனால் உள்ளுக்கு இருக்கிறதை இடிச்சுக் கொட்டிப்போட்டு வெறும் பெட்டியைத் திரும்பப் பூட்டிவிடுவாங்க. இப்படி எத்தனையோ பார்த்திருக்கிறன்" என்றார். நான் வாங்குவதற்கு முன்பே யாரோ செய்த வேலை. பதினேழு ஆண்டுகளாக வெறும் குழாயோடு கொழும்பு வீதிகளில் நான் ஓடியிருக்கிறேன். அந்தப் புகையைச் சுவாசித்தவர்கள் பஸ் தரிப்பிடத்தில் நின்ற பிள்ளைகள்.

இப்போது கேள்வி மேலும் சிக்கலானது. ஊக்கிப் பெட்டியைக் காப்பதற்காகவே கணினிக் காபரேற்றர் பிறந்தது. பெட்டியே இல்லாதபோது அது எதற்கு? மூத்த மெக்கானிக் சொன்னபடி கழற்றிவிடலாமே?

சட்டமும் தடுக்கவில்லை. இலங்கையில் 2008 முதல் வாகனப் புகைப் பரிசோதனை நடைமுறைக்கு வந்தது. அச்சான்றிதழ் இன்றி வருமான அனுமதிப்பத்திரம் கிடையாது. ஆனால் பெற்றோல் காரை நிறுத்திவைத்து, சுமையில்லாமல் ஓடவிட்டு, காபனோரொட்சைட்டையும் ஐதரோகாபனையும்தான் அளக்கிறார்கள். கெட்டிக்கார மெக்கானிக் ஒருவர் திருகாணியைச் சற்று இறுக்கினால் சாதாரண காபரேற்றரும் ஊக்கிப் பெட்டி இல்லாத காரும் தேறிவிடும். என் கார் ஆண்டுதோறும் அப்படித்தான் தேறிவந்திருக்கிறது. லொஸ் ஏஞ்சலிஸின் கண்களை எரித்த நைதரசன் ஒட்சைட்டுகளை அங்கே எவரும் கேட்பதில்லை.

என் முன் மூன்று வழிகள் இருந்தன. முதலாவது, பஞ்சிகாவத்தையில் வாங்கக்கூடிய சாதாரண காபரேற்றர். மலிவு, எங்கும் திருத்தலாம். ஆனால் இதில் பலர் கவனிக்காத ஒரு பொறி உண்டு. இவ்வகைக் கார்கள் பலவற்றில் பிளக் எப்போது பொறி தரவேண்டும் என்பதையும் அதே கணினிதான் தீர்மானிக்கிறது. காபரேற்றரை மட்டும் மாற்றினால் கணினிக்குப் பாதித் தகவல் நின்றுபோகும், தீப்பொறி நேரம் பிழைக்கும், வலு குறையும். அப்போது டிஸ்ரிபியூற்றரையும் பழைய வகைக்கு மாற்ற வேண்டும். ஒரு நாள் வேலை ஒரு வார வேலையாகும். இரண்டாவது, பிந்திய மாதிரியின் இன்ஜெக்ஷன் எஞ்சினைக் கம்பித்தொகுதி, கணினி எல்லாவற்றோடும் ஏற்றுவது. அது சிறந்தது, ஆனால் 2022 இல் அதன் விலை எனக்கு எட்டாதது. மூன்றாவது, இருப்பதைத் திருத்துவது.

நான் மூன்றாவதைத் தேர்ந்தேன். முதலில் குழாய்களை மாற்றினோம். களிம்பேறிய இணைப்பைச் சுத்தம்செய்து சூட்டுச் சென்சரைப் புதிதாகப் போட்டோம். ஒட்சிசன் சென்சர் ஒன்றைத் தேடிப்பிடிக்க மூன்று வாரங்கள் சென்றன. காபரேற்றரைக் கழற்றி, கழுவி, வாசர்களை மாற்றிப் பூட்டினார் அந்த இளைஞர். கார் மீண்டும் லீற்றருக்குப் பதினொரு கிலோமீற்றர் ஓடியது. அதோடு நின்றிருக்கலாம். ஆனால் அந்த வெற்றுப் பெட்டியின் ஒலி காதில் இருந்துகொண்டே இருந்தது. எட்டு மாதங்கள் சிறுகச் சிறுகச் சேர்த்து, 2023 இல் உள்ளீடுள்ள ஊக்கிப் பெட்டி ஒன்றைப் பொருத்தினேன். பழைய காருக்கு இவ்வளவு செலவா என்று வீட்டில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். என்னிடம் இருந்த ஒரே பதில், இதற்கு முந்திய பதினேழு ஆண்டுகளுக்கான செலவை வேறு யாரோ கட்டியிருக்கிறார்கள் என்பது.

எல்லோரும் நான் செய்ததையே செய்யவேண்டும் என்று சொல்லமாட்டேன். காபரேற்றரின் உடலே தேய்ந்து, திரொட்டில் தண்டு ஆடி, உதிரிப்பாகம் கிடைக்காத நிலையில் மாற்றத்தான் வேண்டும். கம்பித்தொகுதியை முந்தியவர்கள் வெட்டிச் சிதைத்திருந்தாலும், மின்சார வேலை தெரிந்தவர் ஐம்பது மைல் சுற்றளவில் இல்லாவிட்டாலும் எளிய காபரேற்றரே நடைமுறைக்கு உகந்தது. மண்ணெண்ணெயில் ஓடிய ஏ.40 களைக் கண்டவன் நான். எளிமையின் அருமையை மறுக்கமாட்டேன். ஆனால் மாற்றுவோர் சிலவற்றைச் செய்யலாம். டிஸ்ரிபியூற்றரையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். கலவையைக் காதால் மட்டும் திருத்தாமல், புகையை அளக்கும் கருவி உள்ள இடத்தில் திருத்துங்கள். கழற்றிய பழையதை எறியாமல் ஒரு பெட்டியில் வையுங்கள். அடுத்த உரிமையாளர் கேட்கக்கூடும்.

அதற்கெல்லாம் முதலில், ஐம்பது ரூபா றப்பர் குழாயைப் பாருங்கள்.

சில மாதங்களுக்குப் பின் மூத்த மெக்கானிக்கிடம் காரைக் கொண்டுபோய்க் காட்டினேன். எஞ்சினைக் கிளப்பி, தலையைச் சாய்த்துக் கேட்டார். பின்னால் போய்ப் புகைக்குழாயருகே குனிந்து மணந்து பார்த்தார். எனக்காக வாங்கிவைத்த சாதாரண காபரேற்றர் அப்போதும் அவரது இறாக்கையில் பழைய பத்திரிகைத் தாளில் சுற்றியபடி இருந்தது.

"பரவாயில்லை, நல்லா ஓடுது" என்றார். "இதை வேற ஆரும் கேட்டு வருவினம்."